எட்டணா விக்கெட்: பல்வங்கர் பாலுவும் பம்பாய் கிரிக்கெட்டும்

"விளையாட்டுல சாதி கிடையாது. கிரவுண்டுல இறங்கிட்டா எல்லாரும் ஒண்ணுதான்." இந்த வாக்கியத்தைக் கேட்காதவர்கள் யாரும் இருக்க முடியாது. நகரத்துக்கு வரும் ஒரு ஏழைப் பையனிடம் காலில் வேகமோ கையில் வித்தையோ இருந்தால் போதும், மேலே வந்துவிடலாம் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. சினிமா, செய்தித்தாள், பள்ளி விளையாட்டு விழாப் பேச்சு எல்லாமே இதைத்தான் சொல்கின்றன.

இது உண்மையா? உண்மை என்றால் எவ்வளவு தூரத்துக்கு? பொதுவாகப் பேசினால் இரண்டு பக்கமும் உதாரணங்களை அடுக்கிக்கொண்டே போகலாம், பேச்சு முடியாது. அதனால் ஒரே ஒரு மனிதரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு சம்பளம், விக்கெட், வருடம், ஓட்டு என்று எண்களோடு பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அந்த மனிதர் பல்வங்கர் பாலு. பெயரைக் கேட்டால் நம்ம ஊர் பாலு மாதிரி இருக்கும். கொங்கணத்தை பூர்வீகமாகக் கொண்ட மராத்தியர். 1876ல் தார்வாரில் பிறந்தவர். தோல் தொழிலோடு சேர்த்துச் சொல்லப்படும் சமார் சாதி, அன்றைய பேச்சில் 'தீண்டத்தகாதவர்'.

இந்தியாவின் முதல் பெரிய கிரிக்கெட் வீரர் யார் என்று கேட்டால் ரஞ்சி என்பார்கள். ரஞ்சி ஆடியது இங்கிலாந்துக்காக. இந்திய மண்ணில், இந்திய அணிக்காக ஆடி, ஒரு தலைமுறையே பேர் சொன்ன முதல் ஆள் பாலுதான் என்பது ராமச்சந்திர குஹாவின் வாதம். அவர் எழுதிய 'எ கார்னர் ஆஃப் எ ஃபாரின் ஃபீல்ட்' வந்த பிறகுதான் பாலுவின் பெயர் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. அதற்கு முன்னால் அரை நூற்றாண்டுக்கு மேல் கிட்டத்தட்ட மறந்தே போயிருந்தோம்.

மூணு ரூபாய் வேலை

பாலு கிரிக்கெட்டுக்குள் விளையாட்டு வீரராக வரவில்லை, வேலைக்காரராக வந்தார். முதலில் கவனிக்க வேண்டிய விஷயம் இது.

குடும்பம் பூனாவில் ராணுவ முகாமை ஒட்டி வாழ்ந்தது. அதிகாரிகள் கழித்துப் போட்ட மட்டையையும் பந்தையும் வைத்துத்தான் பாலுவும் தம்பி சிவராமும் ஆடக் கற்றார்கள். பிறகு பூனாவில் பார்சிகளின் கிரிக்கெட் கிளப் ஒன்றில் வேலை கிடைத்தது. ஆடுகளத்தைப் பெருக்குவது, உருளை இழுப்பது, எப்போதாவது உறுப்பினர்களுக்கு வலையில் பந்து போடுவது. மாதச் சம்பளம் 3 ரூபாய். 1892 வாக்கில் வெள்ளைக்கார அதிகாரிகளின் கிளப்புக்கு மாறினார். அங்கே 4 ரூபாய். வலை கட்டுவது, கோடு போடுவது, டென்னிஸ் தளத்தைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அதில் அடக்கம்.

அங்கேதான் ஜே.ஜி. கிரெய்க் வருகிறார். ராணுவ அதிகாரி. அன்றைக்கு இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார பேட்ஸ்மேன்களில் முதல் வரிசை ஆள். மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து பாலுவைப் பந்து போடச் சொல்லி பயிற்சி எடுப்பாராம். தன்னை அவுட் ஆக்கினால் ஒவ்வொரு முறையும் எட்டணா கொடுப்பார் என்று ஒரு கதை உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 ரூபாய் என்பது 64 அணா. ஒரு விக்கெட்டுக்கு 8 அணா என்றால் மாதச் சம்பளத்தில் எட்டில் ஒரு பங்கு, ஏறத்தாழ நாலு நாள் கூலி. இடது கை சுழற்பந்து எவ்வளவு சீக்கிரம் கூர்மையாகியிருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

ஆனால் அந்த கிளப்பில் அத்தனை நாள் பந்து போட்ட பாலுவின் கையில் மட்டையைக் கொடுத்து 'நீயும் கொஞ்சம் ஆடு' என்று சொல்லும் வழக்கம் மட்டும் இல்லை. பந்து போடுவது உழைப்பு, அதற்குக் கூலி உண்டு. பேட்டிங் என்பது துரைமார் விஷயம். இந்தப் பிரிவினை பூனாவில் பிறந்ததும் இல்லை. இங்கிலாந்திலேயே 'ஜென்டில்மென்' ஒரு பக்கம், சம்பளத்துக்கு ஆடும் 'பிளேயர்ஸ்' ஒரு பக்கம் என்று 1806ல் தொடங்கி 1962 வரை தனித்தனி அணியாக மோதிக்கொண்டிருந்தார்கள். பந்துவீச்சின் பாரத்தைப் பெரும்பாலும் சுமந்தது சம்பளக்காரர்கள். கேப்டன் என்றால் ஜென்டில்மேன். 20ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து டெஸ்ட் அணிக்கு ஒரு சம்பள ஆட்டக்காரர் முழுநேரக் கேப்டன் ஆனது 1952ல், லென் ஹட்டன். நம்ம ஊரில் அந்த வர்க்கப் படிக்கட்டின் மேல் சாதிப் படிக்கட்டையும் ஏற்றி வைத்தார்கள், அவ்வளவுதான்.

பந்து ஒண்ணு, குவளை வேற

வெள்ளைக்கார கிளப்பில் ஒரு பையன் துரைகளைத் திணறடிக்கிறான் என்ற செய்தி பூனாவின் இந்துக்களிடம் போனது. அவர்கள் அணி வெள்ளைக்காரர்களைத் தோற்கடிக்கத் துடித்துக்கொண்டிருந்தது. சேர்க்கலாமா, வேண்டாமா? பிராமண உறுப்பினர்கள் சிலருக்குத் தயக்கம். கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள்.

சேர்த்துக்கொண்ட விதத்தைப் பாருங்கள். மைதானத்துக்குள் பாலு தொட்ட அதே பந்தை மற்றவர்கள் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மற்றவர்களுக்குப் பெவிலியனுக்குள் பீங்கான் கோப்பை, பாலுவுக்கு வெளியே, தூக்கிப் போடும் மண் குவளை. சாப்பாடு தனித் தட்டில், தனி இடத்தில். முகம் கழுவத் தண்ணீர் வேண்டும் என்றால் அதே சாதியைச் சேர்ந்த வேலையாள் ஒரு மூலையில் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். இரட்டைக் குவளை பற்றித் தெரிந்த தமிழ் வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

'கிரவுண்டுல எல்லாரும் ஒண்ணு' என்ற வாக்கியம் இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை. எல்லைக்கோட்டுக்கு உள்ளே ஒன்று. கோட்டைத் தாண்டி நாலு அடி வைத்தால் வேறு.

பம்பாய்: ஜெயிச்சே ஆகவேண்டிய கட்டாயம்

1890களின் கடைசியில், பிளேக் காலத்தில், பாலு பம்பாய் போகிறார். ரயில்வேயில் வேலை. ஆடுவது பரமானந்ததாஸ் ஜீவன்தாஸ் இந்து ஜிம்கானாவுக்கு. இங்கேயும் முதலில் எதிர்ப்பு இருந்தது. ஆனால் பூனாவில் நடக்காதது இங்கே நடந்தது: கொஞ்ச காலத்தில் பாலு உள்ளே உட்கார்ந்து மற்றவர்களோடு சாப்பிட்டார். 'இந்தியன் சோஷியல் ரிஃபார்மர்' பத்திரிகை இதைத் தனியாகக் குறிப்பிட்டு வரவேற்றது.

ஏன் பம்பாயில் மட்டும்? "பெரிய நகரம், பரந்த மனசு" என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அந்த பதில் போதவில்லை. பம்பாய் கிரிக்கெட் எப்படி அமைக்கப்பட்டிருந்தது என்று பார்த்தால் வேறு ஒரு காரணம் தெரிகிறது.

1875ல் தொடங்கிய பம்பாய் ஜிம்கானா வெள்ளையர்களுக்கு மட்டும். இந்தியர்கள் ஆட எஸ்பிளனேடு மைதானத்தின் திறந்த வெளிதான் இருந்தது. அங்கேயும் வெள்ளைக்காரர்களின் போலோ குதிரைகள் வந்து ஆடுகளத்தைக் குளம்பால் குழி பறித்துவிட்டுப் போகும். 1880களின் தொடக்கத்தில் இந்திய ஆட்டக்காரர்கள் இதை எதிர்த்து அரசுக்கு மனு மேல் மனு போட்டார்கள். ஷாபூர்ஜி சொராப்ஜி என்ற பார்சி 1897ல் எழுதிய பார்சி கிரிக்கெட் வரலாற்றில் அந்தச் சண்டையை விரிவாகவே பதிவு செய்திருக்கிறார். பிறகு கடலை ஒட்டிய நிலத்தை அரசு பிரித்துக் கொடுத்தது. பார்சிகளுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று, இந்துக்களுக்கு ஒன்று. இன்றைக்கும் மரைன் டிரைவில் போகும்போது அந்த மூன்று ஜிம்கானாக்களும் வரிசையாக இருப்பதைப் பார்க்கலாம்.

நிலம் மத வாரியாகப் பிரிந்தது, போட்டியும் அப்படியே ஆனது. முதலில் வெள்ளையர் எதிர் பார்சிகள். 1907ல் இந்துக்கள் சேர்ந்து முக்கோணப் போட்டி. 1912ல் முஸ்லிம்கள் சேர்ந்து நாற்கோணம். 1937ல் ஐங்கோணம். 1946 ஜனவரியோடு முடிவு.

பார்சிகள் 1890களிலேயே வெள்ளைக்காரர்களைத் தோற்கடித்துக் காட்டிவிட்டார்கள். இந்துக்கள் இன்னும் செய்யவில்லை. எண்ணிக்கையில் பெரிய சமூகம், பணம் இருக்கு, புது ஜிம்கானா இருக்கு, வெற்றி மட்டும் இல்லை. அந்த நேரத்தில் நாட்டின் சிறந்த பந்துவீச்சாளர் அதே ஊரில் இருக்கிறார். அவரை வெளியே நிறுத்துவதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலை ஸ்கோர்போர்டில் எல்லார் கண்ணுக்கும் தெரியும். சீர்திருத்தக்காரர்களின் நல்ல மனசைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கதவைத் தள்ளியதில் தோல்வி பயத்துக்குப் பெரிய பங்கு இருந்தது என்றே நினைக்கிறேன்.

1906 பிப்ரவரியில் பலன் கிடைத்தது. வெள்ளையர் அணிக்கு எதிராக இந்துக்கள் 242, 160. வெள்ளையர் 191, 102. 109 ரன் வித்தியாசத்தில் வெற்றி. பாலு இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 8 விக்கெட். தம்பி சிவராமும் அந்த அணியில் இருந்தார்.

1911

அகில இந்திய அணி என்று சொல்லத்தக்க முதல் அணி இங்கிலாந்து போனது 1911ல். பிரசாந்த் கிடாம்பி இந்தப் பயணத்தைப் பற்றியே 'கிரிக்கெட் கன்ட்ரி' என்று ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். ஆறு பார்சிகள், ஐந்து இந்துக்கள், மூன்று முஸ்லிம்கள், கேப்டனாகப் பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். மகாராஜாவுக்கு வயது 19. பாலுவுக்கு 35.

அந்த ஐந்து இந்துக்களில் இரண்டு பேர் பாலுவும் சிவராமும். இன்னொருவர் விக்கெட் கீப்பர் சேஷாச்சாரி, மெட்ராஸ்காரர். ஸ்டம்புக்குப் பின்னால் நின்று பாலுவின் பந்தைப் பிடிக்க வேண்டிய வேலை அவருடையது. அதே காலத்து மெட்ராஸ் தெருக்களில் இந்த மாதிரி இருவர் எவ்வளவு தூரம் தள்ளி நடந்திருப்பார்கள் என்று யோசித்தால் 22 கஜம் என்பது சாதாரண அளவாகத் தெரியாது.

அணி மொத்தத்தில் மோசமாகவே ஆடியது. 23 ஆட்டங்களில் 15 தோல்வி. மகாராஜா சில ஆட்டங்களோடு சரி, மற்ற நேரம் லண்டன் விருந்துகள். பாலு மட்டும் தோள்வலியோடு பந்து போட்டுக்கொண்டே இருந்தார். பயணத்தில் மொத்தம் 114 விக்கெட், சராசரி 18.84. கவுன்டி அணிகளுக்கு எதிராகக் கிடைத்த வெற்றி இரண்டுதான். லெஸ்டர்ஷயருக்கு எதிரான வெற்றியில் பாலுவுக்கு 11 விக்கெட். சாமர்செட்டுக்கு எதிராக ஒரு விக்கெட் வித்தியாசத்தில் வந்த வெற்றியில் சிவராம் ஆட்டமிழக்காமல் 113. ஆக, அகில இந்தியாவின் இரண்டு கவுன்டி வெற்றிகளிலும் ஒரு சமார் குடும்பத்தின் கை இருந்தது.

திரும்பி வந்ததும் பம்பாயில் ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் பாலுவுக்குப் பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். அதில் வரவேற்பு மடலை எழுதி அளித்தவர் பீமராவ் அம்பேத்கர் என்று குஹா எழுதுகிறார். அப்போது அவர் 20 வயது மாணவர். இந்த இரண்டு பேரும் பின்னால் மறுபடி சந்திப்பார்கள்.

கேப்டன்

இதுவரை பார்த்ததில் மூணு ரூபாய் பையன் இங்கிலாந்துவரை போய்விட்டான். 'விளையாட்டு மேலே தூக்கிவிடும்' கட்சிக்கு நல்ல சாட்சி. இங்கே நிறுத்தினால் சினிமா முடிந்துவிடும்.

1911க்குப் பிறகு இந்து அணியில் அனுபவத்திலும் சாதனையிலும் பாலுவுக்குச் சமமாக யாரும் இல்லை. இயல்பாகக் கேப்டன் ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. 1913ல் கேப்டனாக இருந்த எம்.டி. பாய், பிராமணர், ஒரு பாராட்டு விழாவில் எழுந்து இந்தப் பெருமை மூத்தவரான பாலுவுக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று பொருள்படப் பேசினார். கைதட்டியிருப்பார்கள். அடுத்த வருடமும் பாலு கேப்டன் இல்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை.

1920ல் விஷயம் வெடித்தது. பாய் வர முடியாத ஆட்டத்துக்குக் கேப்டனாக நியமிக்கப்பட்டவர் டி.பி. தியோதர், பூனா பிராமணர், பேராசிரியர், வயதில் மிகவும் இளையவர். பாலு அணியிலேயே இல்லை. தம்பிகள் சிவராமும் விட்டலும் ஆட மறுத்து விலகினார்கள். விலகியதோடு நிற்காமல் காரணத்தைப் பகிரங்கமாக எழுதினார்கள்: கேப்டனைத் தேர்ந்தெடுப்பதில் ஆட்டத்தை அல்ல, சாதியைப் பார்க்கிறார்கள் என்று. பத்திரிகைகளில் பெரிய விவாதம். கடைசியில் சமரசம். பாய் திரும்ப வந்தார், பாலு துணைக் கேப்டன் ஆனார். இறுதி ஆட்டத்தின் நடுவே பாய் தானாக மைதானத்தை விட்டு வெளியே போய், கொஞ்ச நேரம் பாலு அணியை நடத்தும்படி விட்டார். அப்போது பாலுவுக்கு வயது 44. அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

1923ல் தம்பி விட்டல் கேப்டன் ஆனார். இந்துக்கள் வெள்ளையரைத் தோற்கடித்துக் கோப்பையை வென்றார்கள். விட்டலை மேல்சாதி ரசிகர்கள் தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள்.

விட்டலுக்குக் கிடைத்ததற்கும் பாலுவுக்குக் கிடைக்காததற்கும் நடுவில் ஒரு வித்தியாசம் உண்டு. பாலு வேலைக்காரராக வந்த பந்துவீச்சாளர். விட்டல் அண்ணன் சம்பாதித்த பெயருக்குப் பின்னால் வந்த பேட்ஸ்மேன், மட்டையில் லாவகமானவர். பின்னால் தன் விளையாட்டு வாழ்க்கையை மராத்தியில் புத்தகமாகவே எழுதினார். ஒரு தலைமுறையில் ஏற வேண்டியதை அண்ணன், தம்பி என்று பங்கு போட்டு ஏறியது இந்தக் குடும்பம். நகரங்களில் மேலே வந்த பல குடும்பங்களில் இந்தக் கணக்கைப் பார்க்கலாம். மூத்தவன் முதுகு, இளையவன் படி.

அதே 1923ஐக் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்போம். அந்த ஆகஸ்டில் எஸ்.கே. போலே பம்பாய் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: பொதுக் குளம், கிணறு, பள்ளி எல்லாவற்றையும் தீண்டத்தகாதவர்களும் பயன்படுத்த அனுமதிக்க வேண்டும். தீர்மானம் நிறைவேறியது, காகிதத்தில். 1927 மார்ச்சில் அம்பேத்கர் மகாட் ஊரின் சவ்தார் குளத்துக்கு மக்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் குடித்தபோது அடி விழுந்தது. ஒரே மாகாணம். ஒரு பக்கம் தோளில் தூக்கினார்கள், இன்னொரு பக்கம் தண்ணீர் குடித்ததற்கு அடித்தார்கள். இரண்டுக்கும் நடுவே நாலே வருடம்.

யெரவாடாவும் 1937ம்

1932 ஆகஸ்டில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனித் தொகுதி வழங்கி பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. காந்தி யெரவாடா சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார். செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம். தனித் தொகுதிக்குப் பதிலாகப் பொதுத் தொகுதியில் 148 ஒதுக்கீட்டு இடங்கள். கையெழுத்திட்டவர்களில் அம்பேத்கரோடு நம் எம்.சி. ராஜாவும் ரெட்டமலை சீனிவாசனும் ராஜாஜியும் உண்டு என்பது பலருக்குத் தெரியும். அதே பட்டியலில் 'பி. பாலு' என்றும் ஒரு கையெழுத்து இருக்கிறது. நம்ம இடது கை பந்துவீச்சாளர்தான். ராஜாவைப் போலவே பாலுவும் பொதுத் தொகுதியின் பக்கம் நின்றவர்.

1937 மாகாணத் தேர்தலில் பம்பாயில் அம்பேத்கர் சுதந்திரத் தொழிலாளர் கட்சி சார்பில் நின்றார். காங்கிரஸ் அவருக்கு எதிராக நிறுத்தியது பாலுவை. அம்பேத்கர் 13,245 ஓட்டு, பாலு 11,225. சுமார் 2,000 ஓட்டில் தோல்வி. தேர்தலில் உட்சாதிக் கணக்கும் இருந்தது. அம்பேத்கர் மகர், பாலு சமார்.

பாலுவைத் 'துரோகி' என்று சுலபமாக முடித்துவிடும் வாசிப்பு உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவரவர் ஏறி வந்த ஏணி அவரவர் அரசியலைத் தீர்மானித்திருக்கலாம் என்று தோன்றுகிறது. பாலுவின் வாழ்க்கை என்ன காட்டியது? வெளியே மண் குவளையில் தொடங்கி உள்ளே மேசைவரை, பிறகு தம்பி கேப்டன் ஆகும்வரை, மெதுவாக, சண்டை போட்டு, ஆனால் உள்ளேயே இருந்து நகர முடிந்தது. இந்து அணிக்குள் இடம் பிடித்துத்தான் எல்லாம் வந்தது. அந்த மனிதர் 'உள்ளே இருந்தே மாறும்' என்று நம்பினால் ஆச்சரியம் இல்லை.

அம்பேத்கர் வந்தது வேறு வழி. கொலம்பியா, லண்டன், பட்டங்கள், பரோடா அரசுப் பணி. பரோடாவில் அவ்வளவு படித்தவருக்குத் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. படிப்புக்கு ஸ்கோர்போர்டு கிடையாது. அவரை உள்ளே விடவில்லை என்றால் யாரும் ஞாயிற்றுக்கிழமை மேட்சில் தோற்கப் போவதில்லை. அதனால் கதவைத் திறக்க வேண்டிய அவசரமும் யாருக்கும் இல்லை. உள்ளே இருந்து நகரும் என்று அவர் நம்பாததற்கு அவர் அனுபவமே காரணம் சொல்கிறது.

இரண்டு பேருமே தங்கள் தரவிலிருந்துதான் முடிவுக்கு வந்தார்கள். ஆனால் பாலுவின் தரவு ஒரு விதிவிலக்கு. பதினொரு பேர் கொண்ட அணியில் நாட்டின் சிறந்த பந்துவீச்சாளருக்கு ஒரு இடம் கிடைக்கும். அவர் தெருவில் இருந்த மற்றவர்கள் யாரும் பந்து போடவில்லை. மகாட் குளத்தில் தண்ணீர் குடிக்க விக்கெட் எடுத்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்க முடியாது இல்லையா?

எண்ணிச் சொல்ல முடிந்தது எதுவோ அதுவரை

இவ்வளவையும் படித்து முடித்தபின் எனக்குப் பிடிபட்டது இதுதான். எண்ணிச் சொல்லக்கூடிய இடம்வரை விளையாட்டு ஒருவரைத் தூக்கிவிடும். 8 விக்கெட் என்றால் 8 விக்கெட், அதை ஏழு என்று யாரும் எழுத முடியாது. பாலு ஏறிய ஒவ்வொரு படியும் எண்ணக்கூடிய படி: எட்டணா, 109 ரன், 114 விக்கெட். கேப்டன் பதவிக்கு எண் கிடையாது. 'தலைமைப் பண்பு', 'பக்குவம்', 'எல்லாரையும் அனுசரித்துப் போவது' என்று அறைக்குள் நாலு பேர் உட்கார்ந்து தீர்மானிப்பது. எண் முடிந்து கமிட்டி தொடங்கும் இடத்தில் பழைய படிக்கட்டு மறுபடி வந்து நிற்கிறது.

எங்க சாஃப்ட்வேர் தொழிலிலும் இது தெரிந்த கதைதான். எழுதிய நிரல் டெஸ்டில் பாஸ் ஆகுதா இல்லையா என்பதில் யாருடைய ஊர், பள்ளி, உச்சரிப்பு எதுவும் கேள்வி இல்லை. மெஷினுக்கு அது தெரியாது. அதற்கு மேலே மேனேஜர், டைரக்டர் என்று போகப் போக, கேட்கப்படும் கேள்விகள் எண்ணிலிருந்து நழுவி 'ஆள் எப்படி?' என்று மாறும்.

இன்றைய இந்திய விளையாட்டிலும் கோடு அதே இடத்தில்தான் கிடக்கிறது. ரயில்வே, வங்கி, காவல்துறை எல்லாம் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுக்கின்றன. எத்தனையோ வீடுகளில் முதல் மாதச் சம்பளக்காரர் அப்படி வந்தவர்தான். பாலுவின் ரயில்வே வேலைக்கும் இதற்கும் நேர் கோடு போடலாம். அது சின்ன விஷயம் இல்லை, ஒரு குடும்பத்தையே திருப்பிப் போடும் விஷயம். ஆனால் விளையாட்டுச் சங்கங்களின் தலைவர் நாற்காலிகளைப் பாருங்கள். பி.டி. உஷா மாதிரி ஒருசிலரை விட்டால், பெரும்பாலும் அரசியல்வாதிகள், தொழிலதிபர்கள், அவர்கள் வாரிசுகள். ஓடியவருக்கு வேலை, ஓடாதவருக்குப் பதவி.

அதனால் "விளையாட்டால் மேலே வந்தார்" என்ற கதையை யாராவது சொன்னால் இப்போதெல்லாம் மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறேன். எந்தக் கதவு வழியாக உள்ளே வந்தார், உறுப்பினராகவா, வேலைக்காரராகவா? அவரை வெளியே நிறுத்தினால் யாருக்கு நஷ்டம்? எண் முடிந்து கமிட்டி தொடங்கிய பிறகு என்ன ஆனார்? மூன்றாவது கேள்விக்கு வரும்போது பெரும்பாலான கதைகள் நின்றுவிடுகின்றன.

பாலு 1955 ஜூலை 4 அன்று காலமானார். தீண்டாமையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிய சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதும் அதே 1955ல்தான்.

மராத்தி படிக்கத் தெரிந்த நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விட்டல் 1948ல் எழுதிய சுயசரிதையின் பெயர் 'மாஜே கிரீடா ஜீவன்'. பாலு தானாக எதையும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. அண்ணனைப் பற்றித் தம்பி எழுதிய பக்கங்களை யாராவது தமிழில் மொழிபெயர்த்துத் தந்தால், இந்தப் பதிவின் கீழேயே உங்கள் பெயரோடு சேர்த்துவிடுகிறேன்.